வந்தவர் எத்தனை பேர்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பஸ்களில் பல, பர்லியாரில் சற்று நேரம் நின்றுவிட்டுப் புறப்படும். டிரைவர் டீ குடிப்பார். வளைவுகளில் தலைசுற்றிப் போனவர்கள் இறங்கி ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு நிற்பார்கள். மற்றவர்கள் சாலையோரத்துப் பழக்கடைகளை வேடிக்கை பார்ப்பார்கள். மலைக் குளிரும் இல்லாமல் சமவெளி வெயிலும் இல்லாமல் இரண்டுங்கெட்டானாக அங்கே ஒரு சீதோஷ்ணம் உண்டு. மங்குஸ்தானும் துரியனும் ஜாதிக்காயும் அந்த ஊரில் விளைவது அதனால்தான்.

சென்ற ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை, வழக்கமாக நான் பழம் வாங்கும் கடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய மகன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து செல்போனில் ஆங்கிலேயக் கிளப் ஒன்றின் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்தக் கிளப் என்பது இங்கே முக்கியமல்ல. பந்து ஒரு மூலைக்குப் போனது. காமிராவும் கூடவே போனது. அங்கே பார்த்தால், உழவு முடிந்த வயல் மாதிரி வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். அதே சமயம் படத்தின் அடியில் ஓர் எண் ஓடிற்று. பையன் அதை வாய்விட்டுப் படித்தான்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நாப்பதாயிரம் பேர் வந்திருக்காங்கன்னு பையன் படிக்கிறான். அப்ப, அந்தக் காலி நாற்காலியில உக்காந்திருக்கறவங்க எல்லாம் யாருங்க?"

"பார்த்துச் சொல்றேன் அண்ணா" என்று சிரித்து மழுப்பினேன். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். ஓடிப் போய் ஏறிக்கொண்டேன். ஆனால் கேள்வியும் என்னோடு பஸ்ஸில் ஏறிக் குன்னூர் வரைக்கும் வந்தது. அதற்கு அன்றே பதில் சொல்லியிருக்க முடியாது என்பது இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது.

அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று ஒரு சந்தர்ப்பத்தில் கணக்காகவே தெரியவந்திருக்கிறது. லண்டனில் வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்று ஒரு பழைய கிளப். 2012 ஒலிம்பிக் பந்தயங்களுக்காகக் கட்டிய பெரிய அரங்கத்துக்கு அது 2016-ல் குடிபோயிற்று. 2017-18 பருவத்தில் தன் ஆட்டங்களுக்குச் சராசரியாக 55,309 பேர் வந்தார்கள் என்று கிளப் அறிவித்தது. அந்த வட்டாரத்து நகரசபையிடமும் ஒரு கணக்கு இருந்தது. வாசலில் சுழலும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன தலைகளின் கணக்கு அது. அதன் சராசரி 42,779. தகவல் பெறும் சட்டத்தின்படி பி.பி.சி. இதைக் கேட்டு வாங்கி 2018-ல் வெளியிட்டது. வித்தியாசம் 12,530. எங்கள் குன்னூர் நகராட்சியின் மொத்த ஜனத்தொகையே 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய நாற்பத்தையாயிரம்தான். அதில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஜனம், ஆட்டத்துக்கு ஆட்டம், வராமலே வந்திருக்கிறது!

இதைப் பொய் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் விஷயம் அத்தனை சுலபமில்லை. கிளப்காரர்களின் வாதத்தையும் கேட்பதுதான் நியாயம். அவர்கள் சொல்வது இது: "நாங்கள் விற்ற டிக்கெட்டை எண்ணிச் சொல்கிறோம். வருஷம் முழுவதற்கும் பணம் கட்டி சீசன் டிக்கெட் வாங்கியவர் ஒருவர். அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம், அல்லது மைத்துனிக்குக் கல்யாணம். அவர் வரவில்லை என்பதற்காக அவருடைய நாற்காலியை நாங்கள் வேறொருவருக்கு விற்க முடியுமா? அது விற்ற நாற்காலிதானே? கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள், ஒரு காசு தப்பாது." இந்த வாதத்தில் பிசகு இல்லை. இங்கிலாந்தில் பெரும்பாலான கிளப்புகளின் பழக்கம் இதுதான். வெஸ்ட் ஹாம் மட்டும் செய்த காரியமும் அல்ல.

பிசகு எண்ணில் இல்லை. எண்ணுக்கு வைத்த பெயரில் இருக்கிறது. விற்ற டிக்கெட் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. அவர்கள் சொல்வதோ வருகை. வருகை என்றால் வந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துச் சம்பளத்தைக் கட்டிவிட்டான் என்பதற்காக, வராத பையனுக்கு எந்த வாத்தியாரும் 'உள்ளேன் ஐயா' போட்டுவிடுவதில்லை. என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். என்னுடைய நாவல் ஒன்றை ஆயிரத்து இருநூறு பிரதிகள் அச்சடித்தார்கள். அதனால் எனக்கு ஆயிரத்து இருநூறு வாசகர்கள் என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாமா? சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் கட்டுப் பிரிக்காமல் பதிப்பாளரின் பரணில் கிடக்கும் பிரதிகளை நான் கண்ணால் பார்த்தவன்.

இந்த அறிவிப்புகளில் கதை எழுதுகிறவனின் கண்ணுக்குத் தப்பாத ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. 'ஏறக்குறைய ஐம்பத்தையாயிரம் பேர்' என்று சொன்னால், கேட்கிறவனுக்கு உடனே சந்தேகம் வருகிறது. 'ஐம்பத்தையாயிரத்து முந்நூற்று ஒன்பது' என்றால் சந்தேகம் அடங்கிவிடுகிறது. கடைசியில் நிற்கும் அந்த ஒன்பது பேரையும் யாரோ விரல் நீட்டி எண்ணியிருக்கிறார் என்று மனசு நம்பிவிடுகிறது. நாங்களும் இதைத்தான் செய்கிறோம். 'ஒருநாள் அவன் வந்தான்' என்று எழுதாமல், 'ஆவணி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, இடது கால் செருப்பு வார் அறுந்த நிலையில் அவன் வந்தான்' என்று எழுதினால் வாசகர் நம்பிவிடுவார். கதையில் இது தர்மம். கதை என்று முகப்பிலேயே போட்டுத்தானே விற்கிறோம்? கிளப்பின் அறிவிப்புக்கு அப்படி ஒரு முகப்பு இல்லை.

சரி, வராதவரை வந்தவராக எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

2018 மார்ச் முதல் தேதி லண்டனில் கடும் பனி. அன்று அர்செனல் கிளப் தன் சொந்த அரங்கத்தில் மான்செஸ்டர் சிட்டியோடு ஆடிற்று. நாலு நாள் முன்னால்தான் லீக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அதே எதிரியிடம் 3-0 என்று தோற்றிருந்தது. இருபத்திரண்டு பருவங்களாகப் பயிற்சியாளராக இருந்த ஆர்சன் வெங்கர் போக வேண்டும் என்று ரசிகர்களில் ஒரு பெரும் பகுதியினர் வெளிப்படையாகவே கசந்து போயிருந்த காலம். அன்றும் 3-0 தோல்வி. அரங்கத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்பு நாற்காலிகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அறிவித்த வருகையோ 58,000-க்கும் மேல்.

வராதவர்களில் பனிக்குப் பயந்தவர்கள் உண்டு; சந்தேகமில்லை. ஆனால் வேண்டுமென்றே வராமல் இருந்தவர்களும் உண்டு. பணம் கட்டியாகிவிட்டது, திரும்ப வராது. கிளப்பை விட்டு வேறு கிளப்புக்குப் போகவும் மனசு வராது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து வரும் பந்தம். இந்த நிலையில் சாதாரண ரசிகனிடம் மிச்சம் இருக்கும் ஒரே ஆயுதம், தன் நாற்காலியைக் காலியாக விடுவது. 'நான் வரவில்லை' என்பது அவன் வாக்கு. அந்த வாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து எதிர்ப் பெட்டியில் போட்டுவிடுகிறது கிளப்பின் அறிவிப்பு. ஒருவனுடைய பேச்சை மறுக்கலாம், கண்டிக்கலாம். அவன் பேசவே இல்லை என்று எழுதிவிடுவது வேறு விஷயம். இது எனக்குச் சின்ன அநியாயமாகத் தோன்றவில்லை.

எண் எப்போதும் பெருத்துத்தான் காட்டும் என்று எண்ண வேண்டாம். இளைத்துக் காட்டிய காலமும் உண்டு. இங்கிலாந்து லீகில் 1983 வரைக்கும் வாசல் வசூலில் ஒரு பங்கை, விருந்தாளியாக வந்து ஆடிய அணிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. வந்தவர்களைக் குறைத்து எழுதினால் உள்ளூர்க் கிளப்புக்கு லாபம் என்ற சபலம் அந்த ஏற்பாட்டுக்கு உள்ளேயே இருந்தது. நம் ஊர் டூரிங் டாக்கீஸ்களை நினைத்துப் பாருங்கள். 1939-ஆம் வருஷத்துச் சட்டப்படி டிக்கெட்டுக்குக் கேளிக்கை வரி கட்ட வேண்டும். வரி அதிகாரி வருகிற நாளில் கொட்டகையில் கூட்டம் மெலிந்துபோவதும், சுவரொட்டியில் அதே படம் 'வெற்றிகரமான ஐம்பதாவது நாள்' ஓடுவதும் பழைய வேடிக்கை. ஆட்களை எண்ணுகிறவன் ஆட்களைப் பார்த்து எண்ணுவதில்லை. எண்ணை யாரிடம் காட்டப் போகிறோம் என்று பார்த்து எண்ணுகிறான். வரிக்காரனிடம் காட்டும்போது எண் சுருங்கும். விளம்பரம் கொடுக்கும் கம்பெனியிடம் காட்டும்போது பெருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய சமாசாரம். குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் மைதானத்தில் கால்பந்துப் போட்டி நடந்தது. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். கல்லூரிப் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை வாசலில் டிக்கெட் கிழிக்கப் போட்டார்கள். டிக்கெட் ஐந்து ரூபாய். இறுதி ஆட்டத்துக்குச் சமவெளியிலிருந்து ஓர் அணி வாடகை வேனில் வந்திருந்தது. வசூலில் கால் பங்கு அவர்களுக்கு என்பது பேச்சு.

ஆட்டம் முடிந்ததும் அடிக்கட்டைகளை எண்ணினேன்: 1,140. காரியதரிசி என் தோளில் அன்பாகக் கையைப் போட்டார். "தம்பி, ஒரு தாள்ல அறுநூத்தி இருபதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு" என்றார். அதே மூச்சில் பத்திரிகை நிருபரிடம் திரும்பி, "ஐயாயிரத்துக்குக் குறையாதுங்க" என்றார். கோப்பைக்குப் பணம் கொடுத்த வியாபாரி மறுநாள் பத்திரிகை பார்ப்பார் அல்லவா? தேயிலைச் சரிவில் காசு கொடுக்காமல் உட்கார்ந்து பார்த்தவர்களைச் சேர்த்தாலும் இரண்டாயிரம் தேறாது.

விருந்து அணியின் மானேஜர் ஒல்லியான மனிதர். தாளைப் பார்த்தார். காலியாகிக்கொண்டிருந்த மைதானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கேட்டுல இருந்தது நீங்கதானே?"

"ஆமாங்க."

"நீங்களே எழுதினதுதானே?"

"ஆமாங்க."

வேறொன்றும் கேட்கவில்லை. 775 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சேர வேண்டியது 1,425. நான் எழுதிய எண்ணின் விலை 650 ரூபாய்.

என் தாயார் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். சாயங்காலம் எடைக்கு நிற்கும்போது, கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கணக்கப்பிள்ளை கழிப்பார். மழை இல்லாத நாளிலும் கொழுந்தில் ஈரம் இருக்கும். 'எடையை எழுதுறவன் யார்கிட்டச் சம்பளம் வாங்குறானோ, அவன் பக்கந்தான் முள்ளு சாயும்' என்று அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அன்று இரவு நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தப் பசங்க ஊர் போய்ச் சேர வேன் வாடகைக்குப் பத்துச்சாடா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. மற்றவர்களின் பொய்க் கணக்கைப் பற்றி இத்தனை கறாராக எழுத உட்காரும்போது, என் கணக்கையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

பணம் போனால் போகட்டும். தப்பான எண் உயிரையும் வாங்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கறுப்பு நாள் உண்டு. 1946 மார்ச் 9. யுத்தம் முடிந்து முதல் எப்.ஏ. கோப்பைப் பருவம். போல்ட்டன் நகரத்தில் பர்ண்டன் பார்க் மைதானத்தில் ஸ்டோக் சிட்டியோடு ஆட்டம். ஸ்டோக் அணியில் ஸ்டான்லி மாத்யூஸ் ஆடினார். அவரைப் பார்க்கவே ஊர்கள் காலியாகி வந்தன. அன்றைய அதிகாரபூர்வமான எண்ணிக்கை 65,419. உண்மையில் உள்ளே இருந்தவர்கள் 85,000-க்கும் மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். வாசல்களை மூடிய பிறகு சுவரேறிக் குதித்தவர்கள் பலர். நெரிசல் தாங்காமல் தன் பையனை வெளியே அழைத்துப் போக ஒரு தகப்பன் ஒரு கதவின் பூட்டைத் திறந்தான். அந்த வழியாக வெளியே நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்தது. தடுப்புகள் சரிந்தன. 33 பேர் இறந்தார்கள். சடலங்களை மைதானத்து ஓரத்தில் கிடத்தி மேல்கோட்டுகளால் மூடினார்கள். மரத்தூளால் புது எல்லைக்கோடு போட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கோல் இல்லாமல் முடிந்தது அந்த ஆட்டம்.

65,419-க்கும் 85,000-க்கும் நடுவே இருந்த அந்த இருபதாயிரம் பேரில் யாரும் கணக்கில் இல்லை. எந்தப் படிக்கட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணத் தெரியாத வாசல்தான் அவர்களை உள்ளே விட்டது.

மொத்தக் கணக்கு மட்டும் சரியாக இருந்தாலும் போதாது என்பதை 1989 ஏப்ரல் 15-ல் ஷெபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ அரங்கம் காட்டிற்று. அங்கே வாசலில் எண்ணும் இயந்திரம் இருந்தது. ஆனால் உள்ளே போனவர்கள் எந்த அடைப்புக்குள் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. பக்கத்து அடைப்புகளில் இடம் இருக்க, நடுவிலிருந்த இரண்டு அடைப்புகளில் மட்டும் கொள்ளளவை மீறி 3,000 பேருக்கு மேல் அடைந்தார்கள். அந்த நாளின் காயத்தால் இறந்தவர்கள் 97 பேர். அதன் பிறகுதான் பெரிய கிளப்புகளின் அரங்கங்களில் நின்று பார்க்கும் படிக்கட்டுகள் போய், ஆளுக்கொரு நாற்காலி வந்தது. வாசல் கணக்குப் பாதுகாப்பின் அஸ்திவாரமாயிற்று. வெஸ்ட் ஹாமின் நிஜ எண் நகரசபையிடம் கிடைத்தது எப்படி என்று இப்போது விளங்கும். அங்கே அந்த எண்ணுக்கு வேலை இருக்கிறது. ஒரு தீ விபத்து என்றால் எத்தனை பேரை வெளியே கொண்டுவர வேண்டும் என்பதற்கு, சீசன் டிக்கெட் விற்பனைக் கணக்கைப் பார்க்க முடியாது.

ஆக, ஒரே ஆட்டத்துக்கு இரண்டு எண்கள். ஒன்று, வந்தவர்களின் உயிருக்காக எண்ணியது. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். இன்னொன்று, கிளப்பின் கௌரவத்துக்காகவும் விளம்பரதாரர்களின் திருப்திக்காகவும் எழுதியது. அதை உலகத்துக்குச் சொல்கிறார்கள். எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவில் கால்பந்து ரசிகர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 1997 ஜூலை 13-ஆம் தேதியைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார். சால்ட் லேக் அரங்கத்தில் பெடரேஷன் கோப்பை அரை இறுதி; பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பகானைத் தோற்கடித்தது. வந்தவர்கள் 1,31,781 பேர் என்பது சரித்திரப் புத்தகங்களில் ஏறிவிட்ட எண். இன்று அதே அரங்கத்தில் அத்தனை பேருக்கு இடமே இல்லை.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பித்தது. முதல் பருவத்திலேயே சராசரி வருகை 24,000-ஐத் தாண்டிற்று, உலக லீகுகளில் நமக்கு நாலாவது இடம் என்று பத்திரிகைகள் பூரித்து எழுதின. கொச்சி ஜவஹர்லால் நேரு அரங்கத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆடும்போது மஞ்சள் சட்டைக் கடல் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்து நானும் மெய்சிலிர்த்திருக்கிறேன். 60,000-க்கும் மேல் என்று அறிவித்த ஆட்டங்கள் அங்கே உண்டு. அந்தக் கூட்டம் பொய்யல்ல. கேரளத்து ஜனங்களுக்குக் கால்பந்து மீது இருக்கும் பிரேமைக்கு எந்தக் கணக்கும் வேண்டியதில்லை. ஆனால் 2017-ல் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களின் உலகக் கோப்பை ஆட்டங்கள் அதே அரங்கத்துக்கு வந்தபோது, பாதுகாப்பை உத்தேசித்து ஏறக்குறைய 29,000 பேருக்குத்தான் அனுமதி என்று வைத்தார்கள். அதே சுவர், அதே படிக்கட்டு, அதே வாசல். முன்பு அறுபதாயிரம் என்று பெருமையோடு சொன்னோமே, அந்த மாலைகளில் ஒரு மூலையில் ஏதாவது தீப்பிடித்திருந்தால்? கூட்டத்தின் பெருமையை அறிவித்தவர்கள் கூட்டம் வெளியே போகும் வழியை எண்ணினார்களா? என் மெய்சிலிர்ப்பு இதை நினைத்த பிறகு கொஞ்சம் அடங்கிவிட்டது.

எண்ணிக்கையில் தகராறே இல்லாத ஒரு காலமும் வந்து போயிற்று. கொரோனாத் தொற்றுக்காக வாசல்களை அடைத்த மாதங்களைச் சொல்கிறேன். 2020-21 சூப்பர் லீக் முழுவதையும் கோவாவில் ஆளில்லாத அரங்கங்களில் நடத்தினார்கள். இங்கிலாந்தில் 2020 ஜூனில் ஆட்டங்கள் மறுபடி தொடங்கியபோது, முன்பே பதிவு செய்த கூட்டத்தின் சத்தத்தைத் தொலைக்காட்சியில் சேர்த்து ஒலிபரப்பினார்கள். வருகை, பூஜ்யம். எனக்குத் தெரிந்து யாரும் ஆட்சேபிக்க முடியாத எண் அதுதான். ஆனால் அந்தப் பூஜ்யம் ஒரு பாடமும் சொல்லிற்று. அந்த ஆட்டங்களில் விளம்பரப் பலகை இருந்தது, காமிரா இருந்தது, கோல் விழுந்தது. இருந்தும் ஏதோ ஒத்திகை பார்ப்பது போலிருந்தது. வந்து உட்காருகிற மனிதன் ஆட்டத்தின் அலங்காரமல்ல, ஆட்டத்தில் பாதி என்பதைக் கிளப்புகள் அன்று ஒப்புக்கொண்டன. அவன் இல்லாத குறைக்குச் சத்தத்தைத் தயாரித்து ஒட்ட வேண்டியிருந்தது. அத்தனை முக்கியமானவனை, திரும்பி வந்ததும் ஒழுங்காக எண்ணிச் சொல்லக் கூடாதா?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. எண்ணும் இயந்திரம் வாசலில் இருக்கிறது. எண்ணும் எண்ணியாயிற்று. விற்ற டிக்கெட் இத்தனை, வந்தவர் இத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடட்டும். முதல் எண் கிளப்பின் வியாபாரம். அதற்கு அவர்கள் பெருமைப்படட்டும். இரண்டாவது எண் ஜனங்களின் அபிப்பிராயம். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சில நாள் மழையைக் காட்டும். சில நாள் கசப்பைக் காட்டும். கிளப்பை நடத்துகிறவர்களுக்கு அதைவிட நல்ல விமரிசகர் கிடைக்கமாட்டார். விமரிசகரைக் கண்டால் எனக்கும் பிடிக்காதுதான். ஆனால் அவர் எழுதியதை நானே அழித்துவிட்டுப் பாராட்டாக மாற்றி எழுதிக்கொள்வதில்லை.

போன வாரம் மறுபடியும் பர்லியாரில் இறங்கினேன். மங்குஸ்தான் காலம் முடியும் தறுவாய். எதிரே வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. இந்த மலைக்கு வரும் வெளி வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 கோடையில், வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று எல்லையும் வைத்தது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்ற கவலையில் பிறந்த கணக்கு அது. பாஸ் எடுத்தவர் எத்தனை பேர் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஏறிய வண்டி எத்தனை என்றும் பார்த்தால்தான் அந்தக் கவலைக்கு அர்த்தம் உண்டு. நாங்கள் குடியிருக்கும் மலைக்கு வேண்டிய நியாயம் ஒரு மைதானத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் மறக்கவில்லை. "ஏனுங்க தம்பி, அந்தக் காலி நாற்காலி சமாசாரம் என்னாச்சுங்க?" என்றார்.

டிக்கெட் வாங்கிவிட்டு வராதவர்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்தார். பேசிக்கொண்டே, என் பைக்குள் ஐந்தைந்தாகப் பழத்தை எண்ணிப் போட்டார். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது. நான் கேட்டது இருபதுதான். பிறகு இன்னும் இரண்டு பழத்தை எடுத்து மேலே வைத்தார்.

"இது கொசுறுங்க. எண்ணிக்கையில சேராது" என்றார்.

பஸ் ஹாரன் அடித்தது.